பிறப்புப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள்

தமிழ்நாட்டின் பிறப்பு இறப்பு முதன்மைப் பதிவாளர், பதிவுத்துறைத் தலைவர், வருவாய் நிர்வாக ஆணையர் ஆகியோருக்கு,

வணக்கம். தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன் நான். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவேன். பழைய பிறப்புச் சான்று கேட்டு யாராவது வந்தால்தான் ‘பெறுநர்’ என்று போட்டதும் பேனா நின்றுவிடுகிறது. வி.ஏ.ஓ.வா, தாசில்தாரா, சார்பதிவாளரா, ஆரம்ப சுகாதார நிலையமா, நகராட்சியா? கடிதத்தை உங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து எழுதக் காரணமும் இதுதான். பழைய பிறப்புப் பதிவுப் புத்தகங்கள் உங்கள் மூன்று துறைகளிலும் பிரிந்து கிடக்கின்றன. எந்த வருடத்துப் புத்தகம் எங்கே என்று கிராமத்து ஆளுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

இப்போது பிறக்கிற குழந்தைகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கர்ப்பத்திலேயே கர்ப்பிணிப் பதிவுக்கான பிக்மி எண் வந்துவிடுகிறது, ஆஸ்பத்திரியிலேயே பதிவாகிறது, சான்றிதழைக் கணினியில் இறக்கிக்கொள்ளலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றுதான் அடிப்படை என்று சட்டமும் வந்துவிட்டது. நான் சொல்வது, வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்த தலைமுறையைப் பற்றி.

அவர்கள் பிறந்த காலத்தில் கிராமத்தில் மணியக்காரரும் கர்ணமும் இருந்தார்கள். பிறப்பு இறப்பை அவர்கள் 1899ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டப்படி எழுதினார்கள். 1970இலிருந்து மத்தியச் சட்டப்படி எழுதினார்கள். 1980 நவம்பரில் அந்தப் பரம்பரைப் பதவிகளை அரசு ஒழித்தது. அப்புறம் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். கிராமக் கணக்கில் பிறப்பு இறப்புப் பதிவேடு இன்றும் பத்தொன்பதாம் எண் கணக்குதான். ஆனால் பழைய புத்தகம் வி.ஏ.ஓ.விடம் இருக்காது. தாலுகா அலுவலகத்துக்குப் போ என்பார். அங்கே போனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேள் என்பார்கள். அவரோ, அந்த வருடம் எங்களுக்கு வந்து சேரவில்லை என்பார். மூன்று பேரும் வாய்வார்த்தையாகத்தான் சொல்வார்கள், தாளில் ஒன்றும் இருக்காது.

இன்னொரு சிக்கல், எந்த ஊர் என்பது. பிறப்பைப் பதிவது குழந்தை பிறந்த இடத்தில், அப்பாவின் ஊரில் அல்ல. நம் ஊரில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஆகவே வீட்டின் மூத்த பிள்ளைகள் பாதிப்பேருடைய பெயர் அவர்கள் வளர்ந்த ஊரில் இருக்கவே இருக்காது; அம்மாவின் ஊர்ப் புத்தகத்தில் இருக்கும். வருகிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வியே, “நீங்க வீட்டுல மூத்தவங்களா?” என்பதுதான். இந்தக் கேள்வியை எந்த கவுண்டரிலும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இதற்கு மேல் மாவட்டப் பிரிவினை. 1975இல் கள்ளக்குறிச்சிப் பக்கம் பிறந்தவர் தென்னாற்காட்டில் பிறந்தார். 1993இல் அந்த ஊர் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போனது, 2019இல் கள்ளக்குறிச்சியே தனி மாவட்டமானது. அவர் அசையவே இல்லை, அலுவலகம்தான் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

அப்புறம் தேதி. அந்தக் காலத்துப் பள்ளிச் சான்றிதழில் ஜூன் மாதம் பிறந்தவர்கள் ஏன் அத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். கையைத் தலைக்கு மேலே வளைத்துக் காதைத் தொட்டால் வயது சரி, தேதியை வாத்தியார் போட்டுக்கொள்வார். அந்தத் தேதியை வைத்துப் புத்தகத்தைப் புரட்டினால் எப்படிக் கிடைக்கும்? ஐம்பது தாண்டிய ஓர் அம்மா வந்திருந்தார். பள்ளிச் சான்றில் 1970 ஜூன். அவருடைய தாய் உயிரோடு இருந்ததால் அவரிடம் கேட்கச் சொன்னேன். “அண்ணா செத்தாரே, அதுக்கு அடுத்த மாசம்” என்று பதில் வந்தது. அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி 3. தாயின் ஊர்ப் பதிவேட்டில் 1969 மார்ச் பக்கத்தில், அப்பா பெயர், அம்மா பெயர், எதிரே ‘பெண்’ என்று மட்டும் ஒரு வரி இருந்தது. பெயர்க் கட்டம் காலி. பழைய பதிவுகளில் இப்படித்தான் இருக்கும். பெயர் வைப்பதற்கு முன்பே பிறப்பை எழுதிவிடுவார்கள். இன்று இணையத்தில் சொந்தப் பெயரையும் பள்ளிச் சான்றுத் தேதியையும் போட்டுத் தேடுகிறவருக்கு ‘பதிவுகள் இல்லை’ என்றுதான் வரும். பதிவு இருக்கிறது ஐயா, அங்கே அவருக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

தேடியும் இல்லை என்றால்? அதற்கும் விதியில் வழி இருக்கிறது. சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் பதிவைத் தேடச் சொல்லலாம். இல்லை என்றால் படிவம் 10இல் ‘பதிவு இல்லை’ என்று சான்று தர வேண்டும். நடப்பது வேறு. மகள் அமெரிக்காவில் இருந்து அவருக்காகக் குடியேற்ற மனு போட்டதால் பிறப்பு ஆவணம் தேவைப்பட்ட ஒரு பெரியவரிடம், “இல்லன்னா இல்லங்க, இல்லாததுக்கு எப்படிச் சர்டிபிகேட் தர்றது?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார் ஓர் எழுத்தர். அந்த ஒரு தாள்தான் அவருக்கு வேண்டியதே. அது இருந்தால் உறவினர் பிரமாணப் பத்திரத்தோடு சேர்த்துக் கொடுக்கலாம். காலம் கடந்து புதிதாகப் பதிய வேண்டுமென்றால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) உத்தரவு வேண்டும், அதற்கும் இந்தத் தாள்தான் முதலில் கேட்கிறார்கள். அதைத் தர மறுத்தால் மற்ற எல்லாக் கதவும் மூடிவிடுகிறது.

நான் கேட்பது பெரிய செலவுள்ள விஷயம் அல்ல. புத்தகங்களை எல்லாம் ஸ்கேன் செய்யுங்கள் என்றுகூட இப்போது கேட்கவில்லை. முதலில் ஒரு பட்டியல் போடுங்கள்: வருவாய் கிராமத்தின் பெயர், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, புத்தகம் இருக்கும் அலுவலகம், எந்த ஆண்டுகள் இல்லை. வருடா வருடம் ஜமாபந்தியில் கிராமக் கணக்குகளைத் தாலுகாவில் வைத்துச் சரிபார்க்கிறீர்கள் அல்லவா, அந்தச் சமயத்தில் பத்தொன்பதாம் கணக்கின் பழைய புத்தகங்கள் எங்கே போயின என்பதையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். சார்பதிவாளர்கள் தங்கள் அலமாரியைத் திறந்து தங்கள் பங்குக்கு எழுதட்டும். இரண்டையும் ஒப்பிட்டால் காணாமல் போனவை எவை என்பதும் தெரிந்துவிடும். அது தெரிந்துவிடுமே என்பதால்தான் பட்டியல் வரவில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பட்டியலை தாலுகா அலுவலகச் சுவரிலும் இ-சேவை மையத்திலும் ஒட்டுங்கள். தேடல் விண்ணப்பத்தில் அம்மாவின் சொந்த ஊருக்கு ஒரு கட்டம் வையுங்கள். அப்பா அம்மா பெயரை வைத்து, சொன்ன ஆண்டுக்கு முன்னும் பின்னும் சில ஆண்டுகள் தேட வேண்டும் என்று எழுத்தருக்கு உத்தரவு போடுங்கள். இல்லை என்றால் எந்த ஊரில், எந்தெந்த ஆண்டுகளில் தேடினோம் என்று குறிப்பிட்டுப் படிவம் 10 கொடுக்கட்டும். புத்தகமே அழிந்துவிட்டதா? அதையும் எழுதியே கொடுக்கட்டும். பதிவு இல்லை என்பதும் புத்தகம் இல்லை என்பதும் ஒன்றல்ல. தூதரகத்தில் உட்கார்ந்திருப்பவர் இந்த வித்தியாசத்தைக் கேட்பார்.

இவ்வளவும் நடந்தால் என்னைப் போன்றவர்களுக்கு வருமானம் கொஞ்சம் குறையும், இடைத்தரகர்களுக்கு நிறையவே குறையும். பரவாயில்லை, பட்டா மாறுதல் இருக்கவே இருக்கிறது. அடுத்த ஜமாபந்திக்கு முன்பு இதற்கான சுற்றறிக்கை வருமா என்று தெரிவித்தால் நன்று.

இப்படிக்கு,
தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதுபவன்