பெஞ்சை எப்படிப் போட்டாலும் பிள்ளைகள் பேச நேரம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

2025 ஜூலையில் வகுப்பறைகளில் மாணவர்களை ‘ப’ வடிவில் உட்கார வைக்கச் சொன்ன பள்ளிக்கல்வித் துறை, கழுத்து வலி வரும், கண்ணுக்குக் கெடுதல் என்றெல்லாம் எதிர்ப்பு கிளம்பியதும் அதை நிறுத்தி வைத்தது. கடைசி பெஞ்ச் என்ற ஒன்றே இருக்கக் கூடாது என்ற எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் 20க்கு 20 அடி அறையில் நாற்பது பிள்ளைகளை அப்படி உட்கார வைக்க முடியாது என்பது ஒருபுறம் இருக்க, அந்தப் பேச்சு முழுவதும் பெஞ்சோடு நின்றுபோனதுதான் எனக்கு வருத்தம்.

நான் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பாடம் முடித்து “புரிஞ்சுதா?” என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் “புரிஞ்சுது டீச்சர்” என்று சொல்லும், அதை நம்பவே கூடாது. ஒருமுறை ஐஸ் போட்ட டம்ளரை மேசையில் வைத்து, வெளியே துளித்துளியாக நிற்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றேன். டம்ளரில் ஓட்டை என்றான் ஒருவன், ஐஸ் கசியுது என்றார்கள் பாதிப் பேர். அதுவரை வாயே திறக்காத ஒரு பெண், “அப்ப உள்ள கலர் ஊத்துனா வெளியவும் கலராத்தானே வரணும் டீச்சர்?” என்றாள். மறுநாள் ரோஸ்மில்க் எசன்ஸ் ஊற்றிப் பார்த்தோம், வெளியே வந்தது வெறும் தண்ணீர். காற்றில் இருக்கும் நீராவி குளிர்ந்து நீராகிறது என்பதை அதற்கப்புறம் யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அதற்கு இரண்டு பீரியடு போனது. போர்ஷன் முடிக்க வேண்டும், தேர்வு வைக்க வேண்டும், மதிப்பெண்ணில் தொடங்கி பிள்ளைகளின் உயரம், எடை வரை எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று இருக்கிற ஆசிரியர், பதில் தெரிந்த முன்வரிசைப் பிள்ளையிடம் கேட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நமக்கு இதில் அனுபவம் இல்லாமல் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலில் ஆசிரியரும் பிள்ளைகளும் பாயில் ஒன்றாக உட்கார்ந்தார்கள், சுவரின் அடியில் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை இருந்தது, அவரவர் வேகத்தில் அட்டை எடுத்துப் படித்தார்கள். அதிலும் குறைகள் இருந்தன, ஆனால் பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்க வழியில்லை. 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று குழுவாகத்தான் கற்கிறார்கள். அப்படி ஆடிப்பாடிப் படித்துவிட்டு ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளையைத்தான் வரிசையில் உட்கார வைத்து, கேள்வி பதிலை எழுதி வாங்குகிறோம். ஏழாம் வகுப்பில் அது வாயை மூடிக்கொள்வதில் ஆச்சரியம் என்ன?

ஆறு முதல் எட்டு வரை பாட அளவைக் குறையுங்கள். பதிவேற்ற வேலையை முழுவதுமாக ஆசிரியர் கையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் பிள்ளைகள் பேசவும் செய்து பார்க்கவும் மட்டும் வாரத்தில் ஒரு பீரியடைக் கால அட்டவணையிலேயே போட்டுக் கொடுங்கள். இருக்கையை எப்படிப் போடுவது என்பதை அந்தந்த ஆசிரியரே பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்.