டி.எஸ்.எச். கூடினால் தைராய்டு கூடிவிட்டதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரையில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் பாலமேடு பக்கம். நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்தில் போன செமஸ்டரில் 100க்கு 78 வாங்கினேன். அந்த 78ஐ வைத்துக்கொண்டு என் அம்மாவுக்கு நான் பார்த்த வைத்தியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அம்மா நாலு வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார், சுரப்பி சரியாக வேலை செய்யாததால் வெளியிலிருந்து கொடுக்கிற தைராக்ஸின். ஐப்பசியில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்து சீட்டை என்னிடம் நீட்டினார். டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் 14 என்று இருந்தது, பக்கத்தில் நாலரை வரைதான் நார்மல் என்று அச்சடித்திருந்தார்கள். "கூடிப்போச்சும்மா" என்றேன். "கூடிருச்சுன்னா பெறகு எதுக்கு மாத்திரை?" என்று அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டேன். பன்னிரண்டு நாள் நிறுத்தினார்.

இதில் கொடுமை என்னவென்றால் அந்தப் பன்னிரண்டு நாளும் அம்மாவுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, நானும் நாம் சொன்னது சரிதான் போல என்று இருந்துவிட்டேன். தைராக்ஸின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், அதனால் நிறுத்தினால் உடனே தெரியாது. இதையும் நான் படித்திருக்கிறேன், இரண்டு மார்க் கேள்வியாக.

டாக்டர் சீட்டைப் பார்த்ததும் மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். காலையில் காபியோடு என்றார் அம்மா. அதுதான் கோளாறு. காபியோடு சேர்ந்தால் மருந்து குடலில் சரியாக ஏறாது, வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. ஆக அம்மாவுக்கு ஏற்கனவே போதாமல் இருந்த மருந்தை நான் முழுசாக நிறுத்தியிருக்கிறேன். வெளியே வந்து லேப்பில் இருக்கிற அக்காவிடம் புலம்பினேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "டி.எஸ்.எச். தைராய்டுல வர்றது இல்லடா, மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரியில வர்றது, தைராய்டை வேலை வாங்குறது. மேஸ்திரி சத்தம் மாதிரி. ஆள் ஒழுங்கா வேலை பார்த்தா மேஸ்திரி ஏன் கத்தப் போறாரு? சத்தம் கூடுதுன்னா அங்க வேலை நடக்கலைன்னு அர்த்தம்."

பரீட்சையில் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, தைராய்டு மூன்றையும் கட்டம் கட்டமாகப் போட்டு, ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்டுகிற டி.ஆர்.எச்., பிட்யூட்டரி தைராய்டைத் தூண்டுகிற டி.எஸ்.எச். என்று அம்புக்குறி இழுத்து, தைராய்டிலிருந்து மேலே ஒரு கோடு போட்டுக் கழித்தல் குறியும் வைத்து முழு மார்க் வாங்கியவள் நான். அந்தக் கழித்தல் குறிதான், தைராக்ஸின் போதுமான அளவு வந்ததும் மேஸ்திரி வாயை மூடுவது என்று மூன்று வருடம் பி.எஸ்சி., ஒரு வருடம் எம்.எஸ்சி. படித்தும் எனக்கு உறைக்கவில்லை. என் மண்டை மந்தம் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் வகுப்பில் ஒன்பது பேரிடம் அதே சீட்டைக் காட்டிக் கேட்டுப் பார்த்தேன், ஆறு பேர் என்னைப் போலவே சொன்னார்கள்.

எங்களுக்கு வருகிற கேள்விகளைப் பார்த்தால் காரணம் புரியும். முன் பிட்யூட்டரி ஹார்மோன்களைப் பட்டியலிடுக. அட்ரினல் சுரப்பியின் அமைப்பை விவரி. சுரப்பி, ஹார்மோன், வேலை, கூடினால் வரும் நோய், குறைந்தால் வரும் நோய் என்று ஐந்து பத்தி அட்டவணையை மனப்பாடம் செய்தால் பாஸ். ஒன்று கூடும்போது இன்னொன்று ஏன் குறைகிறது என்று யாரும் கேட்பதில்லை. ப்ராக்டிகல் இன்னும் மோசம். கல்லூரிகளில் விலங்குகளை அறுப்பதை நிறுத்தச் சொல்லி யுஜிசி உத்தரவிட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, நல்ல காரியம்தான், எனக்கு அதில் வருத்தமில்லை. அந்த இடத்தில் எங்களுக்குக் கிடைத்தது சுவரில் தொங்குகிற கலர் சார்ட். அதைப் பார்த்து வரைந்து ரெக்கார்டில் கையெழுத்து வாங்குவதற்குப் பெயர் ப்ராக்டிகல்.

இத்தனைக்கும் இந்தப் பாடத்தில் பாதியை நாங்கள் ஊரிலிருந்தே கொண்டு வருகிறோம். என் பெரியப்பா காளை வளர்க்கிறவர். வாடிவாசலுக்குப் போகிற காளையைக் காயடிக்க மாட்டார்கள், ஏருக்கும் வண்டிக்கும் போகிற மாட்டைக் காயடிப்பார்கள், காயடித்தால் திமில் எடுக்காது, முரட்டுத்தனம் அடங்கிவிடும் என்பது எங்கள் ஊரில் பத்து வயதுப் பையனுக்கும் தெரியும். 1849ல் ஜெர்மனியில் பெர்டோல்ட் என்பவர் சேவல்களிடம் இதைத்தான் பார்த்தார். காயடித்த சேவலுக்குக் கொண்டை சுருங்கிவிட்டது, சண்டைக்கும் போகவில்லை. எடுத்த விதையை வயிற்றுக்குள் வேறு இடத்தில் வைத்த சேவல்களோ கொண்டையும் கூவலுமாக முழுச் சேவலாக வளர்ந்தன. நரம்புத் தொடர்பு அறுந்த பிறகும் வேலை நடக்கிறதென்றால் ஏதோ ஒன்று ரத்தத்தின் வழியாகப் போகிறது என்று அவர் முடிவு செய்தார். ஹார்மோன் என்ற சொல்லை இங்கிலாந்தின் உடலியல் அறிஞர் ஸ்டார்லிங் கொடுத்ததே 1905ல்தான்.

சரி, காயடித்த மாட்டின் பிட்யூட்டரி என்ன செய்யும்? கீழே விதையில் சுரக்கிற டெஸ்டோஸ்டீரோன் இல்லை, போதும் என்று சொல்ல ஆளில்லை, அதனால் விதையைத் தூண்ட பிட்யூட்டரி அனுப்புகிற எல்.எச்., எப்.எஸ்.எச். இரண்டும் ரத்தத்தில் ஏறி நிற்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எப்.எஸ்.எச். கூடுவதும் இதே கணக்குதான். பெரியப்பாவின் வண்டி மாட்டிலிருந்து இந்தப் பாடத்தை ஆரம்பித்திருந்தால் அம்மாவின் சீட்டு எனக்கு ஒரு நொடியில் புரிந்திருக்கும். எங்கள் வகுப்பில் பெர்டோல்டுக்குக் கிடைத்தது ஒரு வரி, அவர் பெயர், வருடம், அவ்வளவுதான்.

அப்பத்தாவுக்குத் தெரிந்தது இன்னொன்று. கன்றை விட்டு முட்டவிட்டால்தான் மாடு பால் இறக்கும், புது ஆளோ நாயோ வந்து மிரண்டால் பாலை எக்கிக்கொள்ளும். பாலை இறக்குகிற ஆக்ஸிடோசினும் அதைத் தடுக்கிற அட்ரினலினும் நாங்கள் தினம் விடிகாலையில் தொழுவத்தில் பார்ப்பதுதான். வகுப்பில் ஆக்ஸிடோசின் என்றால் ஒன்பது அமினோ அமிலம், அதோடு சரி.

அந்த டி.எஸ்.எச். 14 என்ற எண்ணுக்குப் பின்னாலும் பெரிய கதை இருக்கிறது. ரத்தத்தில் இத்தனை நுணுக்கமான அளவில் இருக்கும் ஹார்மோனை அளக்க முடியும் என்று காட்டியதற்காக அமெரிக்க விஞ்ஞானி ரோசலின் யாலோவுக்கு 1977ல் நோபல் கிடைத்தது. அதே வருடம் அதைப் பகிர்ந்துகொண்ட கியெமான், ஷாலி இருவரும் டி.ஆர்.எச்.ஐப் பிடிக்க லட்சக்கணக்கான ஆடு, பன்றிகளின் மூளைத் துணுக்குகளை அரைத்திருக்கிறார்கள், கடைசியில் பார்த்தால் அது வெறும் மூன்று அமினோ அமிலம். இதைக் கேட்டால் தூங்குகிற பையனும் நிமிர்ந்து உட்காருவான்.

பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் நான் கேட்பது ஒன்றுதான், செலவில்லாதது. சார்ட் படம் வரைவதற்குப் பதிலாக, பெயரை மறைத்த இருபது ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளை ப்ராக்டிகலில் கொடுங்கள். ஒன்றில் டி.எஸ்.எச். அதிகம், டி4 (அதாவது தைராக்ஸின்) குறைவு; இன்னொன்றில் டி.எஸ்.எச். குறைவு, டி4 அதிகம்; மூன்றாவதில் இரண்டுமே குறைவு. கோளாறு எந்தச் சுரப்பியில், எப்படிச் சொல்கிறாய் என்று கேளுங்கள். மூன்றாவதைச் சரியாகச் சொல்கிறவருக்கு 78 போடுங்கள், நான் ஒப்புக்கொள்கிறேன்.

அம்மா இப்போது ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீரோடு மாத்திரையை விழுங்கிவிட்டு, காபிக்காக ஆறு மணி வரை கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறி முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தார். அந்தச் சீட்டை என்னிடம் காட்டவில்லை, நேராக டாக்டரிடம் கொண்டுபோய்விட்டார்.

இப்படிக்கு,
விலங்கியல் மாணவி,
பாலமேடு அருகில், மதுரை மாவட்டம்.