விமானத்துக்கு இஸ்திரி

பிரான்ட்ஃபர்ட், ஒண்டாரியோ
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கே நீங்கள் இருவரும் நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே இன்று காலை மைனஸ் 16. வெளியே வைத்த தண்ணீர் பாட்டில் கல்லாகிவிட்டது.

போன ஞாயிறு போனில், "அங்க நீ என்னதாம்ப்பா வேலை பாக்குற?" என்று கேட்டீர்கள். ஏரோபிளேன் வேலை என்று மழுப்பிவிட்டேன். உண்மையைச் சொன்னால் சிரிப்பீர்களே என்றுதான். இஸ்திரி போடுகிறேன் அப்பா. நீங்கள் நாற்பது வருஷமாகத் தள்ளுவண்டியில் செய்கிற அதே வேலை. என்ன, நான் தேய்ப்பது ஒரு விமானத்தை.

சென்னையில் படித்ததெல்லாம் அலுமினியத் தகடு போர்த்திய பெரிய விமானங்களைப் பற்றி. இங்கே லைசன்ஸ் வாங்கும்வரை யாரிடமாவது இருந்து அனுபவம் சேர்த்தாக வேண்டும். பழைய விமானங்களைப் புதுப்பிக்கிற ஒரு பெரியவர் என்னைச் சேர்த்துக்கொண்டார். எழுபதைத் தாண்டியவர், பேச்சு குறைவு. இப்போது கொட்டகையில் நிற்பது பைப்பர் கப் ஜே-3, 1946ல் பென்சில்வேனியாவின் லாக் ஹேவன் ஊரில் செய்தது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்காரலாம். 65 குதிரைத் திறன், மாமாவின் வேகன்-ஆர் அளவுதான். உள்ளே இரும்புக் குழாய்க் கூடு, இறக்கைக்கு அலுமினிய விலா எலும்புகள். அதன்மேல் வெறும் துணி.

துணியில் எப்படிடா பறக்கும் என்பீர்கள். 1932 அக்டோபரில் டாடா தபால் விமானம் தொடங்கியபோது, பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குத் தபால் சுமந்து வந்த புஸ் மாத் விமானமும் துணி போர்த்தியதுதான். அந்தக் காலத்தில் பருத்தியோ லினனோதான். வெயிலில் சில வருஷத்திலேயே இற்றுப்போகும். இப்போது பாலியஸ்டர்.

அந்தத் துணியில்தான் வேடிக்கை. முதலில் தொளதொளவென்று போர்த்தி, ஓரத்தை மட்டும் பசை தடவி ஒட்டுகிறோம். இறக்கைக்கு அடிப்பக்கம் முதலில், அப்புறம் மேல்பக்கம். பார்க்க அளவு தப்பித் தைத்த தலையணை உறை மாதிரி இருக்கும். பிறகு இஸ்திரிப் பெட்டி. சூடு பட்டதும் துணி தானாகச் சுருங்கிக் கூட்டை இறுக்கிப் பிடிக்கிறது. முதல் சுற்று 250 டிகிரி ஃபாரன்ஹீட், கடைசிச் சுற்று 350. நம் கணக்கில் சுமார் 120, 177. மூலைமுடுக்குக்கு உள்ளங்கை அளவில் ஒரு குட்டிப் பெட்டி இருக்கிறது. உங்களுக்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

350ஐத் தாண்டினால் வந்தது வினை. இறுகிய துணி திரும்பத் தொய்ந்துவிடும். இன்னும் போனால் உருகும். நவம்பரில் வால் பக்கத்துச் சுக்கானைத் தேய்க்கச் சொன்னார். பெட்டியின் திருகில் போட்டிருந்த டிகிரியை நம்பித் தேய்த்தேன். அரை மணியில் அது நனைந்த வேட்டி போலத் தொங்கியது. பெரியவர் திட்டவில்லை. தெர்மாமீட்டரைப் பெட்டியின் அடியில் வைத்துக் காட்டினார்: 390. நீங்கள் விரலில் தண்ணீரைத் தொட்டுப் பெட்டியில் தெளித்து, "சுர்"ரென்று வருகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் துணியில் வைப்பீர்கள். ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். அன்றைக்கு நினைவு வரவில்லை. எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டு முதலிலிருந்து செய்தேன்.

தேய்த்து முடித்ததும் தையல். பறக்கும்போது இறக்கையின் மேல்பக்கத்தில் காற்றழுத்தம் குறைந்து துணியை மேலே இழுக்கும். பசையை மட்டும் நம்ப முடியாது. அதனால் மெழுகு தடவிய நூலால் ஒவ்வொரு விலா எலும்போடும் சேர்த்துக் கட்டுகிறோம். ஒரு முழ ஊசி மேலிருந்து கீழே இறங்கி, எலும்பைச் சுற்றி மேலே வரும். இரண்டரை அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. ஒரு இறக்கைக்கே நூற்றுக்கணக்கில். விரல் நுனி காய்த்துவிட்டது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

பெயின்ட் வேலை எனக்குப் பிடித்த பகுதி. முதலில் ஒரு ரோஸ் நிறப் பூச்சு, இழைக்குள் இறங்க வேண்டும் என்பதால் பிரஷ்ஷாலேயே அடிப்போம். அப்புறம் வெள்ளிநிறம், அதில் அலுமினியத் தூள் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் துணியைத் தின்றுவிடாமல் அதுதான் காக்கிறது. போதுமா என்று பார்க்க ஒரு வழி உண்டு: விளக்கை அணைத்துவிட்டு, இறக்கைக்குள் ஒரு பல்பை எரியவிட்டு வெளியே நின்று பார்ப்பது. எங்காவது வெளிச்சம் கசிந்தால் அங்கே இன்னொரு கோட். அதற்காக அள்ளி அப்பவும் முடியாது, ஒவ்வொரு கோட்டும் எடை. கடைசியில்தான் மஞ்சள். இந்த விமானத்துக்கென்றே உள்ள மஞ்சள், நம் ஊர் மாட்டுப்பொங்கல் கொம்பு போலப் பளீரென்று. பக்கவாட்டில் ஒரு கறுப்பு மின்னல் கோடு.

ஈரமான நாளில் பெயின்ட் தொடக் கூடாது. ரசாயனம் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். அக்டோபர் மழையில் அவசரப்பட்டு ஒரு தடவை பட்டோம். நெடி தலையைச் சுற்ற வைக்கும், ஆனால் முகமூடி இல்லாமல் பெரியவர் உள்ளேயே விடமாட்டார். பயப்பட வேண்டாம்.

பள்ளிக்கூட நாளில் உங்கள் வண்டி நிற்கிற தெருவை விட்டுப் பெருமாள் கோவில் வழியாகச் சுற்றிப் போவேன். உங்களுக்குத் தெரியும். நீங்கள் கேட்டதில்லை.

சரி, இப்போது எனக்கு உங்கள் உதவி வேண்டும். இடது இறக்கையைப் பெரியவரே முடித்தார். வலது இறக்கையின் நுனியை என்னிடம் விட்டிருக்கிறார், வருகிற வியாழன். அது முழு வளைவு. வளைவில் துணி மடிந்து சுருக்கம் விழுகிறது. நீங்கள் ஜாக்கெட்டின் தோள் வளைவில் பெட்டியின் மூக்கை மட்டும் வைத்து ஒரு சுற்றுச் சுற்றுவீர்களே, அது வெளி ஓரத்திலிருந்து உள்ளேயா, உள்ளிருந்து வெளியேயா? கடிதம் போய்ச் சேர நாளாகும், அதனால் படம் எடுத்துத் தம்பி போனுக்கும் அனுப்புகிறேன். புதன் ராத்திரிக்குள் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்தவன்