ஷெட்டுக் குழி

சங்ககிரி,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள செல்வா,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முட்டி வலி மட்டும் அப்படியே இருக்கிறது. பேத்திக்குக் காதுகுத்து சித்திரையில்தானே? இந்த முறையாவது தேதியை முன்கூட்டியே சொல் மாப்பிள்ளை. இந்தூரிலிருந்து முந்தின நாள் போன் போட்டு "கிளம்பி வா" என்றால் அம்மா உன்னைச் சும்மா விடமாட்டாள்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அப்பாவின் லாரி ஷெட்டைத் தையல் யூனிட்டாக மாற்றுகிறோம். மூத்தவள் எட்டு மெஷின் போடப் போகிறாள். கூரை, கரண்ட், ஜன்னல் எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. லாரிக்கு அடியில் நின்று ரிப்பேர் பார்க்கும் குழிதான் பாக்கி. நீயும் நானும் சைலன்சர் புகையில் வளர்ந்த அதே குழி.

மேஸ்திரி வந்து பார்த்தார். "மேலே கடப்பா கல்லைப் பரப்பி டைல்ஸ் ஒட்டிடலாங்க, அரை நாள் வேலை" என்றார். எனக்கு ஆத்திரமே வந்துவிட்டது. ஐப்பசி மழையில் அந்தக் குழியில் முழங்கால் தண்ணீர் நிற்பதை நீயும் பார்த்திருக்கிறாய். அதை அப்படியே மூடி வைத்தால் ஈரம் மேலே ஏறித் துணி பூஞ்சை பிடிக்கும். போதாததற்கு எட்டு மெஷின் அதிரும் தரை அது. கல் என்றைக்கு விரியும் என்று யார் சொல்வது?

இதைவிட மோசமான ஒன்று நடந்தது. குழியை மூடியிருந்த பலகைகளைக் கழற்றிய அன்று மேஸ்திரியின் ஆள்களில் ஒரு பையன் வாயில் பீடியோடு படியில் கால் வைத்துவிட்டான். கையைப் பிடித்து இழுத்தேன். அப்பா போன பிறகு திறக்கவே திறக்காத குழி. அடியில் தண்ணீர், ஆயில், அழுகின இலை. இப்படிப்பட்ட இடத்தில் ஆக்சிஜன் குறைந்திருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அதனால் பள்ளத்தில்தான் போய்த் தங்கும். அழுகலிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் கெட்ட முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடிவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. அப்போது உள்ளே இறங்கினவன் மேலே வருவது சந்தேகம். அவனைக் காப்பாற்றக் குதிக்கிறவனுக்கும் அதே கதிதான். அந்தப் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது செல்வா. இதை எழுதும்போதும் உடம்பு பதறுகிறது. அதற்கப்புறம் மோட்டார் போட்டுத் தண்ணீரை பேரலில் இறைத்து, புளோயர் வைத்துக் காற்றடித்து, நாள்கணக்கில் திறந்து போட்ட பிறகுதான் ஆளை இறக்கினேன், அதுவும் இடுப்பில் கயிறு கட்டி.

நிரப்பும் கணக்கு எளிதுதான். நீளம் 14 அடி, அகலம் 3, ஆழம் 4½. ஆக 189 கன அடி. ஒரு யூனிட் நூறு கன அடி, ஆகவே கிட்டத்தட்ட 2 யூனிட். கிராவல் அமுங்கும் என்பதால் இரண்டரை யூனிட் சொல்லியிருக்கிறேன். லாரியில் வந்ததை ஒரேயடியாகக் கொட்டி மூடக்கூடாது. அரையடி கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்கி, அதன் மேல் அடுத்த அரையடி. அவசரப்பட்டால் இரண்டு மழையில் நடுவில் மட்டும் தரை இறங்கி, குழியின் விளிம்பு எங்கே இருந்தது என்று டைல்ஸ் விரிசலே கோடு போட்டுக் காட்டும். அதற்காகத்தான் பழைய தரையையும் இரண்டு பக்கமும் இரண்டடி வெட்டி எடுத்து, ஈரம் ஏறாமல் 250 மைக்ரான் பாலித்தீன் ஷீட் விரித்து, 8 எம்.எம். கம்பி வலை கட்டி, ஒரே கான்கிரீட்டாகப் போடச் சொல்லிவிட்டேன். மேஸ்திரிக்கு முகம் சுருங்கியது. பரவாயில்லை.

என் தூக்கத்தைக் கெடுப்பது அடிப்பகுதி. வடக்கு மூலையில் ஆயில் தேங்கும் சின்னப் பள்ளம் இருந்ததே, அங்கே பூச்சைக் கொத்தினால் மண் கரேலென்று இருக்கிறது. தோண்டத் தோண்டக் கறுப்புதான். லாரி லாரியாக இறக்கின ஆயிலில் எவ்வளவு கீழே போயிற்றோ. ஒரு லிட்டர் பழைய ஆயில் பத்து லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்கிறார்கள். நம் போர்வெல் அங்கிருந்து முப்பதடிதான். அம்மா குடிப்பது அந்தத் தண்ணீர். தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். முடிவு வரும்வரை கேன் தண்ணீர்தான். கறுத்த மண்ணை மூட்டை கட்டித் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தாயிற்று. பேரலையும் மூட்டைகளையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ளவர்களிடம்தான் கொடுப்பேன். ஏரிக்கரையில் கொட்டிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

நீ சொல்ல வேண்டியது இதுதான். அப்பா குழி வெட்டியபோது கூடவே நின்றவன் நீ. நான் அம்மிச்சி வீட்டில் இருந்தேன். கடைசி ஓரடியைக் கடப்பாரை போட்டு உடைத்ததாக அம்மா சொல்கிறாள். அடியில் இருந்தது பாறையா, சுக்கான் கல்லா, வெறும் மண்ணா? வெறும் மண் என்றால் கறுப்பு எங்கே முடிகிறதோ அதுவரை தோண்டி எடுத்துவிடலாம். பாறை என்றால் ஆயில் நேராக இறங்காது, வெடிப்புகளைப் பிடித்துப் பக்கவாட்டில் ஓடும். நம் பக்கம் போர்த் தண்ணீர் வருவதும் அதே வெடிப்புகளில்தான். எந்தப் பக்கம் பாறை சரிந்திருந்தது, தெற்கே கிணற்றுப் பக்கமா, ரோட்டுப் பக்கமா? ஊற்று ஏதாவது கசிந்ததா? நினைவில் இருப்பது எதுவானாலும் எழுது. 17-ம் நம்பர் ஸ்பேனர் யாரிடம் போனது என்பதைக்கூட நீ மறக்கவில்லையே, இதுவும் நினைவிருக்கும்.

கிராவல் லோடை நிறுத்தி வைத்திருக்கிறேன். உன் பதில் வந்த பிறகுதான் அனுப்பச் சொல்வேன். எழுத நேரமில்லை என்றால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போன் பண்ணு, ஷெட்டிலேயே இருப்பேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராசு