பெட்டி கட்டும் முன் வசந்திக்கு

ஸ்டாக்ஹோம்
செப்டம்பர் 14

அன்புள்ள வசந்தி,

நவம்பரில் ஆறு மாத வேலையாக இங்கே வருகிறாய் என்று எழுதியிருந்த வரியை மூன்று தடவை படித்தேன். அம்மாவின் முழங்கால் வலி குறைந்தது பெரிய நிம்மதி. மகி விடுதிச் சாப்பாட்டுக்குப் பழகிவிட்டாளா? அவளைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டாய், அடுத்த கடிதத்தில் விரிவாக எழுது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "அந்த ஊர்ப் பெண்கள் சாதாரணமாகத்தான் உடுத்துகிறார்கள், ஆனால் அவ்வளவு அழகாக இருக்கிறதே, நான் என்னென்ன வாங்கி வரட்டும்?" என்று கேட்டிருந்தாய். குளிருக்கென்று சென்னையில் எதுவும் வாங்காதே. பதினோரு வருடத்துக்கு முன் நான் ஒரு பெட்டி நிறைய அக்ரிலிக் ஸ்வெட்டர் கொண்டுவந்தேன். காற்று அதற்குள் தாராளமாகப் புகுந்தது, வியர்த்தால் நாற்றம் பிடித்தது. முதல் குளிர்காலம் முடிவதற்குள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டேன்.

இந்த ஊர் உடையின் அழகுக்குப் பாதிக் காரணம் வானிலைதான். ஜனவரி காலையில் வெளியே மைனஸ் 8 கூட இருக்கும், மெட்ரோ ரயிலுக்குள் கதகதப்பு, அலுவலகத்தில் 20, 21 டிகிரி. தடித்த ஸ்வெட்டர் ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டு போனால் உள்ளே புழுங்கும், கழற்றவும் முடியாது. அதனால் எல்லாரும் அடுக்கடுக்காகப் போடுகிறார்கள், எந்த அடுக்கோடு நின்றாலும் பார்க்க ஒழுங்காக இருக்கும்படி. என் வழக்கத்தைச் சொல்கிறேன். உடம்போடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை, மேலும் கீழும், மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளியில் செய்தது. அதன்மேல் ஒரு அளவு பெரிதான வெள்ளைப் பருத்திச் சட்டை. அதற்கு மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய கம்பளி ஸ்வெட்டர். சட்டையின் காலரும் கீழ் விளிம்பும் மட்டும் வெளியே தெரியும். கணுக்கால் வரை நேராக இறங்கும் கருநீலப் பேன்ட். கடைசியாக, முழங்காலைத் தாண்டி வரும் கம்பளிக் கோட்டு. மெரினோ அரிக்காது, லேசாக நனைந்தாலும் சூடு விடாது. காசு செலவழிப்பதானால் முதலில் அதற்குச் செலவழி.

'மோசமான வானிலை என்று ஒன்று கிடையாது, மோசமான உடைதான் உண்டு' என்று இங்கே ஒரு பழமொழி இருக்கிறது. ஸ்வீடிஷில் வானிலைக்கு 'வேடெர்', உடைக்கு 'க்ளேடெர்', எதுகை போல ஒலிக்கும். மழலைப் பள்ளிக் குழந்தைகள்கூட இதைச் சொல்லிக்கொண்டே மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு சேற்றில் விளையாடப் போவார்கள்.

அப்புறம் நிறம். முதல் வருடம் எனக்கு இதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. கறுப்பு, கருநீலம், சாம்பல், சந்தன வெள்ளை, ஒட்டக நிறம் என்று ஐந்து நிறங்களுக்குள் ஒரு ஊரே உடுத்துகிறது. மாம்பழ மஞ்சளும் அரக்கும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு ஏக்கமாகவே இருந்தது. கொஞ்ச நாள் போனதும் கண் வேறு எதையோ பார்க்கத் தொடங்கியது. நிறத்தைக் குறைத்துவிட்டால் நெசவு தெரிய ஆரம்பிக்கிறது, வசந்தி. வரிவரியாகப் பின்னிய ஸ்வெட்டர், பக்கத்தில் வழவழப்பான கம்பளிப் பேன்ட், அதற்கு மேல் சொரசொரப்பான கோட்டு. மூன்றும் சாம்பல்தான், ஆனால் மூன்றும் தனித்தனியாகத் தெரியும். எங்கள் அப்பா வேட்டி எடுக்கப் போனால் கடைக்காரர் விரித்த அத்தனை வெள்ளையையும் தடவித் தடவிப் பார்த்து ஒன்றை எடுப்பாரே, நாம் பொறுமையில்லாமல் வாசலில் நிற்போமே, அந்தக் கண்தான் இதற்கும் வேண்டும்.

இன்னொரு வசதியும் உண்டு. மூன்று ஸ்வெட்டர், நான்கு சட்டை, மூன்று பேன்ட். ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் சேருமானால் முப்பத்தாறு விதமாக உடுத்தலாம். வெளியே இருட்டாக இருக்கும் காலையில், அலமாரி முன் நின்று யோசிக்க வேண்டியதில்லை. எனவே கடையில் ஒன்று பிடித்துப்போனால், வீட்டில் இருக்கும் மூன்று துணியோடாவது அது சேருமா என்று பார்த்துவிட்டு வாங்கு. மேலே தொளதொள என்றால் கீழே நேராக, கீழே அகலம் என்றால் மேலே உடம்போடு. அவ்வளவுதான் கணக்கு.

அதற்காக எல்லாமே சாம்பல் என்று நினைத்துவிடாதே. மே மாதம் பக்கத்து நாடான டென்மார்க்கில் கோபன்ஹேகன் போயிருந்தேன். பூப்போட்ட நீளக் கவுன், மேலே ஆண்கள் அளவில் பெரிய பிளேசர், காலில் வெள்ளை ஸ்னீக்கர், அப்படியே சைக்கிளில் போகிறார்கள்! பின்லாந்துக்காரர்கள் இன்னும் துணிச்சல். அங்கே மாரிமெக்கோ என்று ஒரு துணி நிறுவனம். அதை நிறுவிய ஆர்மி ராட்டியா பூ டிசைனே வேண்டாம் என்று சொல்லியிருந்தும், அதன் வடிவமைப்பாளர் மாயா இசோலா 1964-ல் பெரிய பெரிய பாப்பிப் பூக்களாக 'உனிக்கோ' என்ற டிசைனை வரைந்தார். இன்றைக்கும் மாரிமெக்கோ என்றால் அந்தப் பூதான் நினைவுக்கு வருகிறது. அதே நிறுவனத்தின் சமகோட்டுப் பருத்திச் சட்டை, 'தசராயிட்டா', 1968-ல் வந்தது. ஆண், பெண், குழந்தை எல்லாருக்கும் ஒரே கோடு. அப்படி ஒரு கோடு போட்ட சட்டை உன்னிடம் இருக்கட்டும், ஜீன்ஸோடும் சேரும், கோட்டுக்குள்ளும் சேரும்.

கோட்டைப் புதிதாக வாங்க வேண்டாம். என்னுடையதை ஸ்டாட்ஸ்மிஷன் என்ற தொண்டு அமைப்பின் பழைய துணிக் கடையில் 600 குரோனாவுக்கு எடுத்தேன், ஏழாவது குளிர்காலமாக உழைக்கிறது. உள் லேபிளில் கம்பளி எத்தனை சதவீதம் என்று பார், அக்குளும் முழங்கையும் தேய்ந்திருக்கிறதா என்று பார், போதும். நீ வந்த முதல் சனிக்கிழமையே இந்த ஊரின் சோடர்மால்ம் பகுதிக்குக் கூட்டிப்போகிறேன்.

கம்பளியை அடிக்கடி துவைக்கக் கூடாது. பால்கனியில் ஒரு இரவு காற்றாட விட்டால் போதும். அடுக்குமாடிகளில் பொதுவான சலவை அறை இருக்கும், நேரம் பதிவு செய்துதான் போக வேண்டும். ஒருமுறை அவசரத்தில் என் நல்ல நீல ஸ்வெட்டரை உலர்த்தும் எந்திரத்தில் போட்டுவிட்டேன். மூன்று வயதுக் குழந்தைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. இன்னும் அதை நினைத்தால் வருத்தம்தான்.

யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் செருப்பு, ஷூ எல்லாம் கழற்றிவிட வேண்டும், நம் ஊர் மாதிரியே. அதனால் சாக்ஸும் உடையில் சேர்த்திதான், ஓட்டை இல்லாத கம்பளி சாக்ஸ் நான்கு ஜோடி வேண்டும். நவம்பர் கடைசியில் மூன்று மணிக்கே சூரியன் மறைந்துவிடும். கறுப்புக் கோட்டில் நீ நடந்து வருவது கார் ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியாது. கோட்டில் தொங்கவிட ஒளி பட்டால் மின்னும் சின்ன வில்லை ஒன்றை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். இதை மட்டும் தயவுசெய்து மறக்காமல் போட்டுக்கொள்.

ஊரிலிருந்து கொண்டுவர வேண்டியது கொஞ்சம்தான். ஒரே நிறத்தில் குட்டையான பருத்திக் குர்தா மூன்று. ஸ்வெட்டருக்குள் சட்டை மாதிரி அழகாக உட்காரும். பொங்கலுக்கு ஒரு பட்டுப் புடவை. உள்ளே தெர்மல் போட்டுக்கொண்டு கட்டலாம், நான் அப்படித்தான் கட்டுகிறேன். உன் அந்த மஞ்சள் துப்பட்டாவையும் எடுத்து வா. சாம்பல் கோட்டுக்கு மேல் கழுத்தைச் சுற்றிப் போட்டால் எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போதே தெரிகிறது.

உன் கால் அளவை எழுது. தடித்த சாக்ஸுக்கு இடம் வேண்டும், பூட்ஸ் ஒரு அளவு பெரிதாகப் பார்த்து வைக்கிறேன். விமானத்தில் குர்தாவும் ஜீன்ஸுமாகவே ஏறு. ஆர்லாண்டா விமான நிலையத்தில் என் இன்னொரு கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிற்பேன்.

அன்புடன்,
தேன்மொழி