எங்கள் முதல் இசைத்தட்டுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

இசைத்தட்டின் பின்னட்டையில் நன்றி சொல்ல எங்களுக்குக் கிடைத்த இடம் நான்கு வரி. அதைச் சுவீடிஷில் எழுதி நிரப்பியாயிற்று. மிச்சத்தை இங்கே தமிழில் எழுதுகிறேன். முதல் தட்டு வந்தால் தமிழில் ஒரு கடிதம் எழுதுவேன் என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பாதிப்பேர் கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரையும் போடவில்லை. வாசிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதல் நன்றி, சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் எங்களுக்கு நிலவறை தந்த கல்விச் சங்கத்துக்கு. த நைஃப், லிட்டில் டிராகன் போன்ற மின்னிசைக் குழுக்கள் எல்லாம் புறப்பட்ட ஊர் இது. சின்தசைசரைத் தோளில் தூக்கிக்கொண்டு டிராமில் ஏறினால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் வாசிக்க இடம் வேண்டுமே! சுவீடனில் மூன்று பேர் கிழமை தவறாமல் கூடிப் பாட்டுப் பழகினால் அது கல்வி வட்டம் என்று கணக்கு. தையல் பழகுவதும் புத்தகம் படித்துப் பேசுவதும் போலத்தான். அரசு மானியம் சங்கத்துக்குப் போகும், எங்களுக்கு அறை கிடைக்கும். ஒரே நிபந்தனை, வருகைப் பட்டியலில் மூன்று பேராவது இருக்க வேண்டும். நாங்கள் இருப்பதே மூன்று பேர். பெப்ரவரியில் ஒருநாள் எங்கள் டிரம் மெஷின்காரன் காய்ச்சலோடு வந்து, மேல்கோட்டைப் போர்த்துக்கொண்டு சோபாவில் கிடந்தபடியே 'அந்த பேஸ் சத்தம் கூட' என்று முனகினான். அதுவும் வருகைதான். 2024 முதல் அரசு இந்த மானியத்தை வெட்டி வருகிறது. எங்களுக்குப் பின்னால் வரும் பதினாறு வயதுப் பிள்ளைகளை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. நன்றிக் கடிதத்தில் கோபப்படக்கூடாது என்கிறார்கள், விடுவோம்.

அடுத்தது ஹிசிங்கனில் இருக்கும் ஓய்வுபெற்ற மின்வினைஞருக்கு. எங்களிடம் ரோலண்ட் ஜூனோ-106 என்ற சின்தசைசர் ஒன்று இருக்கிறது. 1984-இல் வந்த மாடல், எங்கள் மூவரையும் விட மூத்தது. மலிவாகக் கிடைத்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அதற்கு ஆறு குரல்கள். ஒவ்வொரு கட்டையை அழுத்தும்போதும் அடுத்த குரல் முறை எடுத்துப் பாடும். எங்களுடையதில் ஒரு குரல் செத்துப்போயிருந்ததால், ஆறு சுரத்துக்கு ஒன்று பொரிகிற சத்தம்தான் வரும். ஐயா மூடியைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார். குரல் சில்லுகளின் மேல் பூசியிருக்கும் கறுப்புப் பிசின் காலப்போக்கில் மின்சாரத்தைக் கசியவிடுமாம். இந்த மாடலுக்கே உள்ள வியாதி. ஹெர்ரிங் மீன் ஊறுகாய் இருந்த போத்தலில், லேபிளைக்கூடக் கிழிக்காமல், நகப்பூச்சு அழிக்கிற அதே அசிட்டோனை ஊற்றி ஆறு சில்லுகளையும் ஊறப்போட்டார். மூன்றாம் நாள் பிசின் தோல்போல உரிந்து வந்தது. பல்துலக்கும் தூரிகையால் மெல்லத் தேய்த்தார். ஐந்து பிழைத்தன, ஆறாவதற்குப் புதிது போட்டார். கூலியாக வாங்கியது ஒரு பை கறுவா பணிஸ். ஐயா, மூன்றாவது பாட்டின் தொடக்கத்தில் அந்தப் பொரிச் சத்தம் இருக்கிறது. உங்களிடம் வருவதற்கு முன் பதிந்தது அது. பிறகு எத்தனையோ தரம் வாசித்துப் பார்த்தும் அதைவிட நன்றாக வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாடி அம்மையாருக்கு நான் பட்ட கடன் பெரியது. எங்கள் அடுக்குமாடியின் பொதுச் சலவை அறையில் தரையும் சுவரும் ஓடு பதித்தவை, குரல் அங்கே அழகாகச் சுற்றிவரும். ஆனால் சுவீடனில் சலவை முறை விளையாட்டல்ல. அடுத்தவருடைய நேரத்தில் பத்து நிமிடம் பிந்தினால் கதவில் கோபக் கடிதம் ஒட்டியிருக்கும். அவரோ தன் ஞாயிறு முறையை, நாங்கள் அங்கே குரல் பதிய, நான்கு கிழமை எங்களுக்கு விட்டுத்தந்தார். கடைசி ஞாயிறு வீட்டுச் செருப்போடு இறங்கி வந்து, வாசலில் நின்று முழுவதும் கேட்டுவிட்டு, 'இரண்டாவது சரணத்தில் சொல் விளங்கவில்லை' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். உண்மைதான். திரும்பப் பாடினேன்.

தட்டில் ஒலிப் பள்ளம் வெட்டிய பொறியாளருக்கு: ஒரு பக்கத்தில் 25 நிமிடம் அடைத்துக்கொண்டு வந்தவர்களைத் திட்டாமல் உட்காரவைத்து விளக்கியதற்கு நன்றி. நேரம் கூடினால் பள்ளங்களை நெருக்க வேண்டும், நெருக்கினால் ஒலி மெலியும். தட்டின் நடுவை நெருங்க நெருங்க 'ஸ' ஓசை கரகரக்கும் என்பதால், அமைதியான பாட்டைக் கடைசிக்கு மாற்றியதும் அவர் யோசனை. பக்கத்துக்கு ஒரு பாட்டாக இரண்டை நீக்கினோம். அதில் ஒன்று நான் எழுதியது. இல்லாததுதான் நல்லது என்று இப்போது தெரிகிறது, ஆனாலும் இன்னும் முழுதாக ஆறவில்லை.

கடைசியாக, வாக்குக் கொடுத்தேன் என்றேனே, என் தமிழ் ரீச்சருக்கு. இங்கே பள்ளிக்கூடத்திலேயே தாய்மொழி வகுப்பு உண்டு. வியாழன் பின்னேரம், டிசம்பரில் மூன்றரைக்கே இருட்டிவிடும், யாரோ பாடம் நடத்திவிட்டுப்போன வகுப்பறையில் நாங்கள் மூன்றே பிள்ளைகள். குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு தட்டு என்று மேசையில் தட்டித்தான் சொல்லித்தருவீர்கள். வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுத பிள்ளை நான்தான். இரண்டாவது பாட்டுக்கு டிஜிடாக்ட் என்ற டிரம் மெஷினின் 16 தாளக் கட்டங்களை நிரப்ப உட்கார்ந்தபோது, யோசிக்காமலே என் விரல் அந்தக் கணக்கைத்தான் போட்டது. மற்ற இருவரும் இது எங்கே பிடித்தாய் என்று கேட்டார்கள். க, கா என்று தட்டிக் காட்டினேன். இந்தக் கடிதத்தில் எழுத்துப்பிழை இருந்தால் சிவப்புப் பேனையால் திருத்தி அனுப்புங்கள் ரீச்சர்.

அச்சடித்தது 300 தட்டு. உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறோம். வருகிற ஞாயிறு பின்னேரம் நிலவறைக்கு வாருங்கள், கோப்பியும் பணிசும் இருக்கும். அன்று ஒத்திகை இல்லை, ஆகவே வருகைப் பட்டியலும் கிடையாது.