எர்த் கிளாம்ப்பை எங்கே மாட்டப்போகிறாய்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும்தான் எங்களுக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவன் இப்போது என்னோடு பட்டறைக்கு வருகிறான். கை நன்றாகப் படிந்துவிட்டது.

வேனின் சேஸிஸில் துருப்பிடித்த இடத்துக்கு நீயே வெல்டிங் செய்து ஒட்டு வைக்கப்போவதாகவும், வண்டிக்கு ஒன்றும் ஆகாமலிருக்க பேட்டரியைக் கழற்றினால் போதும்தானே என்றும் கேட்டிருந்தாய். போதாது. அதைச் சொல்லத்தான் உடனே எழுதுகிறேன்.

வெல்டிங் மெஷினிலிருந்து கிளம்பும் கரண்ட், வண்டியின் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் எர்த் கிளாம்ப் வழியாக மெஷினுக்கே திரும்பியே ஆக வேண்டும். இந்த மாதிரி வேலைக்கு நூறு ஆம்பியர் சாதாரணம். கிளாம்ப் பின்னாலும் வெல்டிங் முன்னாலும் இருந்தால், நடுவில் கிடைப்பதிலெல்லாம் அது புகுந்து போகும்: சக்கர பேரிங், எஞ்சினின் எர்த் பட்டை, சென்சார் ஒயர். மெல்லிய ஒயர் கருகிவிடும். பேரிங்குக்குள் பொறி பறந்து குழி விழும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, ஓட ஓடத்தான் இரைச்சல் கேட்கும். பேட்டரியைக் கழற்றியதால் இதெல்லாம் நின்றுவிடாது. அதனால் எந்தத் தகட்டை ஒட்டுகிறாயோ அதிலேயே, ஒரு சாண் தூரத்துக்குள், பெயிண்டும் துருவும் போகக் கிரைண்டர் போட்டு, வெறும் இரும்பில் கிளாம்ப்பை மாட்டு. கொஞ்ச நேரம் வேலை செய்ததும் கிளாம்ப்பைப் பார். அது சூடேறியிருந்தால் பிடிப்பு சரியில்லை.

பேட்டரியையும் கழற்றத்தான் வேண்டும். முதலில் நெகட்டிவ். பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டு ஷார்ட் ஆகலாம். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. பக்கத்தில் இ.சி.யூ., அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி, இருந்தால் கனெக்டரைப் பிடுங்கிவிடு, முடிந்தால் பெட்டியையே வெளியே எடுத்துவிடு. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரின் டையோடுகளும் திடீர் வோல்டேஜைத் தாங்காது, அதன் ஒயரையும் கழற்றிவிடுவது நல்லது. ஏர்பேக் இருந்தால், பேட்டரியை எடுத்த பிறகும் அதற்கான கண்ட்ரோல் பெட்டியில் கொஞ்ச நேரம் சார்ஜ் தங்கும். எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள். வெல்டிங் கேபிளை ஒயரிங் கட்டோடு சேர்த்துப் போடாதே. டங்ஸ்டன் முனையால் செய்யும் டிக் வெல்டிங் என்றால் இன்னும் கவனம். முனை இரும்பைத் தொடாமலே பொறியை மூட்டும் ஹை ஃப்ரீக்வென்சி ஸ்டார்ட்டில் ஆயிரக்கணக்கான வோல்ட் பாயும், எலெக்ட்ரானிக்ஸுக்கு அது ஆகவே ஆகாது.

அப்புறம் தீ. தகட்டின் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஆரம்பிக்காதே. பிரேக் பைப், கார்ப்பெட், சீட் நுரை எல்லாவற்றையும் விலக்கு. ஒட்டும் இடத்தை பிரேக் கிளீனரால் துடைக்கவே கூடாது. குளோரின் கலந்த வகையாக இருந்தால், வெல்டிங் வெளிச்சமும் சூடும் பட்டு பாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும். முடித்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம் அணைப்பானோடு அங்கேயே இரு.

ஓட்டைக்கும் டீசல் டேங்க்குக்கும் எவ்வளவு தூரம் என்று நீ எழுதவில்லை. அளந்து எழுது. கிட்டத்தில் இருந்தால் டேங்க்கை இறக்கியே ஆக வேண்டும். அதற்கு நானும் சின்னவனும் வந்து கைகொடுக்கிறோம். அதுவரை மெஷினை ஆன் செய்யாதே.

அன்புடன்,
உன் நண்பன்